நாலு கோழியும் ஒரே கிரேட்டில் அடை உட்கார்ந்தால்...

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது.

வீட்டுக்குப் பின்னால் 11 பெட்டை, ஒரு சேவல், இரண்டு மாதம் தாண்டிய ஆறு குஞ்சுகள். எல்லாம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகை. நாட்டு முட்டை ஒன்று 15 ரூபாய் என்று தெருவிலேயே விற்றுப்போகிறது. அந்தக் காசுதான் இவருடைய கைச்செலவு. கணவர் 6 அடிக்கு 4 அடியில் தகரக் கூடு அடித்துக் கொடுத்திருக்கிறார். முட்டையிட உள்ளே ஒரு தக்காளிக் கிரேட், அதில் வைக்கோல். சித்திரை மாதம் நாலு கோழிகள் அடுத்தடுத்து அந்தக் கிரேட்டிலேயே அவயத்துக்கு, அதாவது அடைகாக்க உட்கார்ந்தன. ‘ஒன்றாக இருந்தால் சூடு நல்லாப் பிடிக்கும்’ என்று விட்டுவிட்டார். சேர்த்துவைத்த முட்டை, குளிர்பெட்டியில் இருந்த ஆறு, கழுவித் துடைத்த சில என மொத்தம் 41. பொரித்தவை ஐந்து. இரண்டைக் காக்கை கொத்திப்போனது. மீதி முட்டைகளை உடைத்துப் பார்த்தால் பாதி கூமுட்டை, சிலவற்றுக்குள் இறகு முளைத்த குஞ்சு செத்துக் கிடந்தது. நடுவில் ஒருநாள் பலத்த இடி, அதனால்தான் என்கிறார் மாமியார்.

இப்போது மறுபடியும் மூன்று கோழிகள் உட்கார்ந்துவிட்டன. போன தடவை உட்கார்ந்த செவலையும் மொட்டைக்கழுத்தும், புதிதாக ஒரு புள்ளிக்கோழியும். முட்டை வரத்து பாதியாகிவிட்டது. அடை தெளிய, அதாவது உட்காரும் எண்ணம் விட்டுப்போக, செவலையைத் தண்ணீரில் முக்கி, மூக்கில் இறகைச் செருகி விட்டிருக்கிறார் மாமியார். அதற்கு ஒரு கண் வீங்கியிருக்கிறது. மொட்டைக்கழுத்து ‘முட்டை அளவுக்கு நாற்றமடிக்கும் எச்சம்’ போடுகிறது, வெள்ளைக்கழிச்சலோ என்று பயம். கணவர் கூட்டைப் பெரிதாக்கப் போகிறார், கீரிக்குக் கண்ணியும் வைக்கப் போகிறார். தனக்கு இன்குபேட்டர் வாங்கும் எண்ணம் இருக்கிறது. அல்லது எல்லாவற்றையும் விற்றுவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

விற்க வேண்டாம். இரண்டே மாதத்தில் மறுபடி அடைக்கு உட்காரும் கோழி நல்ல கோழி. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோழிகள் செய்த தப்பு என்று அதில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒற்றைக் கிரேட்டும் தகரக் கூடும்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

முதலில் அவசரமான இரண்டு. செவலையின் கண்ணை நாளைக் காலையிலேயே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். இறகு குத்திய புண் சீழ் கட்டியிருக்கலாம், அல்லது சளி நோயாக இருக்கலாம். சளி நோயாக இருந்தால் மற்றவற்றுக்கும் பரவும். அதனால் அதுவரை தனியாக, தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வையுங்கள். கடிதத்தில் படித்து நான் மருந்து சொல்லக் கூடாத இடம் இது.

இரண்டாவது, மொட்டைக்கழுத்தின் எச்சம். அதற்கு நோய் எதுவும் இல்லை. அடையில் இருக்கும் கோழி கூட்டை அசிங்கப்படுத்தாது. நாள் முழுக்க அடக்கிவைத்திருந்து, எழும்போது மொத்தமாக ஒரு உருண்டை போடும். அந்த நாற்றத்துக்கு இணை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைக்கழிச்சல் என்றால் எச்சம் தண்ணீராக, பச்சையும் வெள்ளையுமாக வரும். கோழி இறகைத் தொங்கவிட்டு மூலையில் நிற்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். உங்களுடையது கையை நீட்டினால் உடம்பை உப்பிக்கொண்டு கொத்த வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கழிச்சல் வந்த கோழிக்கு அந்தத் தெம்பு ஏது?

41 முட்டை எங்கே போயிற்று?

உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம். கோழி முட்டை பொரிக்க 21 நாள். ஒரே நாளில் வைத்த முட்டைகள் அநேகமாக ஒரே நாளில், மிஞ்சினால் ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். உங்கள் கிரேட்டில் நடந்தது வேறு. கூட்டில் முட்டையிட வேறு இடம் இல்லாததால், மற்ற ஏழு கோழிகளும் அடைக்கோழிகளின் முதுகில் ஏறி நெருக்கி அதே கிரேட்டில் முட்டை போட்டிருக்கின்றன. பத்து நாள் கரு கூடிய முட்டைக்குப் பக்கத்தில் இன்றைக்கு இட்ட முட்டை. முதல் ஐந்து குஞ்சு கத்தத் தொடங்கியதும் தாய்களின் கவனம் முட்டையிலிருந்து குஞ்சுக்குத் தாவிவிட்டது. ‘நாலும் சேர்ந்தே எழுந்துபோய் ஐந்து குஞ்சுக்கும் சண்டை போட்டன’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் விடை. 15 நாள், 18 நாள் ஆன முட்டைகள் அநாதையாகிவிட்டன. இறகு முளைத்துச் செத்த குஞ்சுகள் அவைதான்.

அடுத்து கூமுட்டைகள். குளிர்பெட்டி முட்டை பொரிக்கவே பொரிக்காது என்றில்லை, ஆனால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். முட்டை ஓட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சு உண்டு. கழுவித் துடைத்தால் அது போய்விடும், நுண்துளை வழியே கிருமி உள்ளே போகும். அழுக்கு முட்டையைச் சாப்பிட எடுத்துக்கொள்ளுங்கள், அடைக்கு வைக்காதீர்கள். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் சித்திரை வெயில். வெளிச்சூடு 21 டிகிரி செல்சியஸ் சுமாரைத் தாண்டினாலே கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். கோழிக்கு அடியில் 37.5 டிகிரியில்தான் அது ஒழுங்காக வளரும். திண்டுக்கல் சித்திரையில் அடுப்படியில் பத்து, பன்னிரண்டு நாள் வைத்திருந்த முட்டைக்குள் கரு வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் செத்துப்போயிருக்கும். கோடையில் நாலைந்து நாளுக்கு மேல் சேர்க்கக் கூடாது. மற்ற மாதங்களில் ஒரு வாரம். ஒரு மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, மேலே சாக்கை விரித்து, முட்டையின் அகலமான பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். அந்தக் குளிர்ச்சி போதும்.

இடியைப் பற்றி அத்தையிடம் வாதாட வேண்டாம். இடிச் சத்தத்தால் கரு கலைவதில்லை. ஆனால் அடைக்கூடையில் கரித்துண்டும் ஆணியும் காய்ந்த மிளகாயும் போடுவதால் முட்டைக்கு ஒரு கெடுதலும் இல்லை. எங்கள் அம்மாவும் போடுவார்.

தண்ணீரில் முக்குவதும் இறகு செருகுவதும்

அடை என்பது சூட்டு நோய் என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். அப்படி நினைக்க ஒரு காரணமும் இருக்கிறது. அடைக்கோழியின் நெஞ்சுக்குக் கீழே கைவைத்துப் பாருங்கள். அங்கே இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும், அது தணல் மாதிரி கொதிக்கும். முட்டைக்கு நேராகச் சூடு போய்ச் சேர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அது ஏறினால் சினைப்பை சுருங்கும், முட்டை நிற்கும், பசி குறையும், கோழி ஒரே இடத்தில் தவம் கிடக்கும். பண்ணை வெள்ளை லெகார்ன் வருஷத்துக்கு 300 முட்டை இடுகிறது என்றால், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அதன் அடைக் குணத்தையே கழித்துவிட்டதும் ஒரு காரணம். சிறுவிடை அப்படியில்லை. 12, 15 முட்டை இட்டதும் உட்கார்ந்துவிடும்.

தண்ணீரில் முக்கினால் தோல் கொஞ்ச நேரம் குளிரும். ஹார்மோன் குளிராது. ஒருமணி நேரத்தில் நனைந்த இறகோடு போய் மறுபடி உட்காரும். மழைக்காலமாக இருந்தால் சளி பிடிக்கும்.

இறகு செருகுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். “எங்க காலத்துல அப்படித்தான் தெளிஞ்சுது” என்று அத்தை சொல்வார். பொய் சொல்லவில்லை அவர். மூக்கில் உறுத்தல் தாங்காமல் கோழி உட்கார முடியாமல் அலையும், அலைந்ததால் தெளியும். அதே அலைச்சலை வலியில்லாமல், புண்ணில்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. பிராணிகளைத் தேவையில்லாமல் வதைப்பது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் அத்தைமேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் செவலையின் கண்ணைப் பார்த்தபிறகும் அதை வைத்தியம் என்று சொல்ல முடியுமா? தீனி, தண்ணீர் காட்டாமல் கூடைக்குள் கவிழ்த்துப் பட்டினி போடுவதையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். ஏற்கெனவே இளைத்த கோழி அது.

அடை தெளிய வைக்கும் முறை

அடிப்பக்கம் கம்பிவலை அடித்த ஒரு கூண்டு போதும். பழைய முயல் கூண்டு கிடைத்தாலும் சரி. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மரநிழலில், காற்றோட்டமாக வையுங்கள். உள்ளே வைக்கோல், சாக்கு, அட்டை எதுவும் கூடாது. தீனியும் தண்ணீரும் தாராளமாக இருக்க வேண்டும். கோழி அதில் உட்கார்ந்தாலும் அடியில் காற்று வீசிக்கொண்டே இருக்கும். நெஞ்சுச் சூடு தேங்காது, கூடு என்ற நினைப்பே வராது. மூன்று, நாலு நாளில் அந்த ‘கொக்... கொக்’ சத்தம் நின்றுவிடும். நாலாம் நாள் காலையில் திறந்து விட்டுக் கவனியுங்கள். மற்ற கோழிகளோடு சேர்ந்து குப்பையைக் கிளறப் போனால் தெளிந்தது. நேராகக் கிரேட்டுக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். உட்கார்ந்த முதல் நாளே பிடித்துப் போட்டால் சீக்கிரம் தெளியும். பத்து நாள் உட்கார்ந்ததைத் தெளிய வைக்க ஒரு வாரம்கூட ஆகலாம். தெளிந்தபின் இரண்டு, மூன்று வாரத்தில் முட்டை திரும்பும்.

உங்கள் மூன்றில் எதைத் தெளிய வைப்பது? செவலை போன தடவை நாலு வாரம் உட்கார்ந்து எழுந்தது, இப்போது கண்ணும் வீங்கியிருக்கிறது. அதன் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள், கத்தி முனை மாதிரி தட்டுப்படும். அதற்கு ஓய்வு வேண்டும். கண்ணுக்கு வைத்தியம் முடியும்வரை தனியாக இருக்கிறதல்லவா, அதையே கம்பிக் கூண்டாக அமைத்துவிட்டால் இரண்டும் ஆயிற்று. மொட்டைக்கழுத்து அடிக்கடி எழுந்து ஓடுகிறது, முட்டையை மிதித்து உடைக்கிறது என்கிறீர்கள். அடைக்கு அது லாயக்கில்லை, முட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செவலையோடு ஒரே கூண்டில் போடாதீர்கள்.

புள்ளிக்கோழி மட்டும் உட்காரட்டும். ஒரு சிறுவிடை முட்டையிட்டு, 21 நாள் அடைகாத்து, குஞ்சோடு இரண்டு மாதம் திரிந்து மறுபடி முட்டைக்கு வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். வருஷத்துக்கு மூன்று, நாலு ஈடு, அதாவது சுற்றுதான். தெளிய வைத்தால் அதே கோழி மூன்று வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். உங்களுக்கு முட்டைக் காசும் வேண்டும், குஞ்சும் வேண்டும். அப்படியானால் 11 கோழியில் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் அடையில் இருக்க விடாதீர்கள்.

கூட்டைப் பெரிதாக்க வேண்டாம்

கணவருக்கு ஒரு செலவை மிச்சப்படுத்துகிறேன். பகலெல்லாம் வெளியே மேயும் நாட்டுக்கோழிக்கு இரவில் அடைய ஒன்று, ஒன்றேகால் சதுர அடி போதும். உங்கள் கூடு 24 சதுர அடி, கோழி 18. இடம் தாராளம் இல்லை, ஆனால் பற்றாக்குறையும் இல்லை. குறை இருப்பது காற்றில், சூட்டில், முட்டையிடும் இடத்தில்.

நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், ஒரு சின்னக் கதவு. ‘காலையில் திறந்தால் கண் எரிகிறது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா. ஐந்தரை அடி உயரத்தில் நிற்கும் உங்களுக்கே கண் எரிந்தால், தரையோடு படுத்திருக்கும் கோழிக்கு எப்படி இருக்கும்? சளி நோய்க்கு வாசலைத் திறந்துவிடுவதும் இதுதான்.

நீளமான இரண்டு பக்கத்திலும் தகரத்தின் மேல்பாதியை, ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு வலையை அடிக்கச் சொல்லுங்கள். கடையில் கோழிவலை என்று விற்கும் பெரிய கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், எலியையும் பாம்பையும் வெளியே வைக்காது. கூரைத் தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் உச்சிவெயில் பாதி குறையும். மழைக்குச் சாக்குத் திரை போதும். இடம் மாற்ற முடிந்தால் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், காலை மாலை வெயில் பக்கவாட்டில் உள்ளே அடிக்காது. முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், ஒரு முருங்கைக் கொம்பு நட்டால் போயிற்று.

தரை மண்ணாகவே இருக்கலாம். சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்குச் செங்கல் பதித்தால் பெருச்சாளி தோண்டாது. மேலே இரண்டு, மூன்று அங்குலம் நெல் உமியோ கடலைத்தோலோ போட்டு வாரம் இரண்டு தடவை கிளறிவிடுங்கள். ஈரமான இடத்தை அள்ளி எருக்குழியில் போடுங்கள்.

இப்போது அந்தக் கிரேட். நாலைந்து கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டி என்று கணக்கு. உங்களுக்கு மூன்று வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். முன்னால் பாதி மறைக்கும்படி ஒரு சாக்கு தொங்கட்டும், கோழிக்கு மறைவு பிடிக்கும். பெரிய கிரேட்டில் நாலு கோழி ஏறும், ஒரு அடிப் பெட்டியில் ஒன்றுதான் ஏறும். உட்கார்ந்து தூங்கக் குறுக்கே ஒரு கொம்பு கட்டுங்கள், இரண்டு அங்குலப் பருமன், முனை மழுங்கியது, கோழிக்கு அரை அடியாவது இடம் வரும்படி. முட்டைப்பெட்டி அந்தக் கொம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் தூங்கும். பெட்டி உயரமாக இருந்தால் அதில் தூங்கி, எச்சமிட்டு, அப்படியே அடைக்குப் பழகிவிடும்.

முட்டையைக் காலை பத்து மணிக்கும் மாலையும் எடுத்துவிடுங்கள். பெட்டியில் முட்டை குவிவதைப் பார்க்கப் பார்க்கத்தான் அடை நினைப்பு வரும். சாயங்காலம் பெட்டி வாயை ஒரு பலகையால் அடைத்துவிட்டால் இரவுத் தூக்கமும் அங்கே கிடையாது. இது ஒன்றைச் செய்தாலே அடைத் தொல்லை பாதி குறையும் என்பது என் அனுபவம்.

இன்னொன்று, செல் என்ற ஒட்டுண்ணிப் பூச்சி. இரவு எட்டு மணிக்குமேல் டார்ச்சோடு போய், கொம்பின் அடிப்பக்கத்தையும் மரப் பொருத்துகளையும் பாருங்கள். மிளகாய் விதையைவிடச் சின்னதாகச் சிவப்பாக ஊர்ந்தால், பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் செல் அது. அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மொட்டைக்கழுத்தின் ஓட்டத்துக்குக்கூட இதுவாக இருக்கலாம், அதன் இறக்கைக்கு அடியில் பாருங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் பொடியைக் கோழிமேல் தூவும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அது கோழியையும் கொல்லும், முட்டை வழியாக உங்கள் வீட்டுப் பிள்ளை வயிற்றுக்கும் போகும். மருந்தகத்தில் கேட்டு, அளவு தெரிந்து அடியுங்கள். ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு பள்ளத்தில் கொட்டிவைத்தால் கோழி தானே புரண்டு பாதி வேலையை முடித்துக்கொள்ளும்.

கண்ணி பற்றி

கீரி, சாரைப்பாம்பு, நாகம் எல்லாம் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. நம் தோட்டத்துக்குள் வந்ததாலேயே அவற்றைப் பிடிக்கவோ கொல்லவோ நமக்கு உரிமை வந்துவிடாது. கண்ணி வைத்தால் வழக்கு வரலாம். அதைவிட அடிக்கடி நடப்பது, பக்கத்து வீட்டு நாயோ பூனையோ மாட்டிக்கொண்டு உறவு கெடுவது. உங்கள் குஞ்சைக் கொண்டுபோனது காக்கை, கண்ணால் பார்த்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணவர் ஏன் கீரிமேல் கோபப்படுகிறார் என்று புரியவில்லை! அரை அங்குல வலையும் செங்கல் வளையமும் இரவுக்குக் காவல். பகலில் முதல் இரண்டு வாரம் குஞ்சுகளைக் கவிழ்த்து மூடப் பஞ்சாரக் கூடை.

இன்குபேட்டர்?

வாங்கலாம், இப்போது வேண்டாம். கருவி 37.5 டிகிரியில் நின்றால் மட்டும் போதாது. ஈரப்பதம் பார்க்க வேண்டும், 18ஆம் நாள்வரை தினம் பல தடவை முட்டையைத் திருப்ப வேண்டும், மின்சாரம் போனால் மாற்று வழி வேண்டும். அதெல்லாம் சமாளித்துப் பொரித்த பிறகுதான் நிஜமான வேலை. குஞ்சுக்குப் பல்பு போட்டுச் சூடு, இரவெல்லாம் கண்காணிப்பு, மேயக் கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. என் வீட்டிலேயே ஒரு தடவை 30 முட்டை வைத்தேன். 19ஆம் நாள் இரவு மின்சாரம் போய் விடியற்காலைதான் வந்தது. ஏழு குஞ்சு. அந்த ஏழையும் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு அடைக்கோழிக்கு அடியில் தள்ளித்தான் பிழைக்கவைத்தேன். மாதம் 50 குஞ்சு விற்கப் போகிறேன் என்று சொல்லுங்கள், அப்போது பேசலாம். 12 குஞ்சுக்குப் புள்ளிக்கோழியைவிட நல்ல கருவி கிடையாது.

புள்ளிக்கோழியை உட்கார வைப்பது

ஆனி பிறந்து வெயில் தணிந்திருக்கிறது, வைக்கலாம். இதைவிட நல்ல காலம் மார்கழி, தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும், அப்போது வேண்டாம்.

ஒரு மூங்கில் கூடையில் பாதிக்கு மணலும் சாம்பலும் போட்டு, மேலே வைக்கோலைக் கிண்ணம் மாதிரி குழித்து, வீட்டுக்குள் இருட்டான, மற்ற கோழிகள் எட்டாத மூலையில் வையுங்கள். இரவில்தான் கோழியை மாற்ற வேண்டும் என்று அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நூற்றுக்கு நூறு சரி. பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். முதலில் இரண்டு டேபிள் டென்னிஸ் பந்தையோ, வேண்டாத முட்டையையோ அடியில் வைத்து ஒருநாள் பாருங்கள். அசையாமல் உட்கார்ந்தால் மறுநாள் இரவு எல்லா முட்டையையும் ஒரேயடியாக வையுங்கள். சிறுவிடைக்கு இந்தப் பருவத்தில் பத்து போதும். நெஞ்சுக்கு வெளியே தெரியும் முட்டை குளிர்ந்துதான் போகும். பென்சிலால் ஒவ்வொன்றிலும் தேதி போடுங்கள். தேதியில்லாத முட்டை கூடையில் தெரிந்தால் வேறு கோழி வந்திருக்கிறது என்று அர்த்தம், எடுத்துவிடலாம்.

தினம் ஒரு தடவை 15, 20 நிமிஷம் எழுந்து தின்று, குடித்து, எச்சமிட்டு வரவேண்டும். தானாக எழாவிட்டால், இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீங்களே தூக்கி வெளியே விடுங்கள். கம்பு, சோளம் இரண்டு கைப்பிடி. ஏழாம் நாள் இரவு ஒவ்வொரு முட்டையையும் டார்ச்சுக்கு மேலே பிடித்துப் பாருங்கள். சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு கூடியிருக்கிறது. வெளிச்சம் தடையில்லாமல் தெரிந்தால் அதில் கரு இல்லை, எடுத்துவிடுங்கள். வெயிலில் அது அழுகி வெடித்தால் மற்றதும் கெடும். 18ஆம் நாளுக்குப் பிறகு கூடையைத் தொடாதீர்கள். குஞ்சு ஓட்டைக் குத்திவிட்டு ஒருநாள் முழுக்கச் சும்மா இருக்கும். பரிதாபப்பட்டு உடைத்துவிட்டால் ரத்தம் வந்து செத்துப்போகும். பொரித்த குஞ்சுக்கு இரண்டு நாளைக்கு வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும், தீனி இல்லையே என்று பதற வேண்டியதில்லை. தண்ணீரைத் தட்டையான தட்டில் நாலு கூழாங்கல் போட்டு வையுங்கள், முங்காது.

ஏழாம் நாள் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரம் அதே நோய்க்கு ஆர் 2 பி என்ற தடுப்பூசி. அதை அதற்கு முன்னால் போடக் கூடாது, குஞ்சு தாங்காது. உங்களிடம் இருக்கும் இரண்டு மாதக் குஞ்சுகள் ஆறுக்கும் அந்த ஊசிக்கு நேரம் வந்துவிட்டது. கால்நடைப் பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரியில் கிராமங்களில் இலவச முகாம் நடத்தும். அதுவரை காத்திருக்காமல், நாளைக்குச் செவலையோடு மருந்தகம் போகும்போதே என்றைக்கு ஊசி போடுகிறார்கள் என்று கேட்டு வாருங்கள். அது உயிர் உள்ள மருந்து. வாங்கிக் கொடுத்தால் ஐஸ் டப்பாவில்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

புள்ளிக்கோழிக்கு இன்று இரவே கூடையையும் பந்தையும் தயார் செய்துவிடுங்கள். அந்தத் தக்காளிக் கிரேட்டை விறகுக்குப் போட வேண்டாம். அடியை வெட்டிக் கம்பிவலை அடித்தால் மொட்டைக்கழுத்துக்குக் கூண்டு ஆகிவிடும்.